எம்கேட் நொதியும் வெறும் வயிறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் உருவானதற்கு ஒரு போன் அழைப்புதான் காரணம். லண்டனில் பிரசவமான எங்கள் சொந்தக்காரப் பெண், குழந்தை பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில் கூப்பிட்டாள். "சித்தி, குதிகால்ல எடுத்த ரத்தத்துல எம்கேட் குறைபாடுன்னு வந்திருக்காம். பிள்ளை நல்லாத்தான் பால் குடிக்கிறான். என்ன பண்றது?" என்று அழுதாள். கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிற எனக்கு அந்த நொதி பழகிய பெயர்தான். ஆனாலும் பயந்துபோன ஒரு தாய்க்குப் புரிகிற தமிழில் அதைச் சொல்ல அன்றைக்கு வெகு நேரம் பிடித்தது. அவளிடம் சொன்னதையும், பிறகு மாணவர்களும் தெரிந்தவர்களும் கேட்ட கேள்விகளுக்குச் சொன்னதையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை, அந்தக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எம்கேட் என்றால் என்ன?

நம் செல்களுக்குள்ளே இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்கிற ஒரு நொதி. முழுப் பெயர் மீடியம் செயின் அசைல் கோஏ டீஹைட்ரோஜினேஸ். பெயர் நீளமாக இருந்தாலும் பிரித்துப் பார்த்தால் எளிதுதான். மீடியம் செயின் என்றால் நடுத்தர நீளமுள்ள கார்பன் சங்கிலி. அசைல் கோஏ என்றால், கோஎன்சைம் ஏ என்ற கைப்பிடி மாட்டப்பட்ட கொழுப்பு அமிலம். டீஹைட்ரோஜினேஸ் என்றால் ஹைட்ரஜனைக் கழற்றுவது. நடுத்தர நீளமுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றும் நொதி, அவ்வளவுதான்.

இதைத் தயாரிக்கும் மரபணுவின் பெயர் ஏசிஏடிஎம். அது 1-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. புரதம் முதலில் உருவாகும்போது 421 அமினோ அமிலங்கள் நீளம். முன்பக்கத்து 25 அமினோ அமிலங்கள், கடிதத்தின் மேல் எழுதிய முகவரி மாதிரி, "மைட்டோகாண்ட்ரியாவுக்கு" என்று வழி காட்டுபவை. உள்ளே போய்ச் சேர்ந்ததும் அந்தத் துண்டு வெட்டப்பட்டு மீதி 396 நிற்கும். இப்படி நான்கு புரதங்கள் ஒன்றுசேர்ந்தால்தான் வேலை செய்யும் ஒரு நொதி கிடைக்கும். நான்கும் சேர வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள், நோயைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருகிறேன்.

கொழுப்பு அமிலம் எப்படி உடைகிறது? அதில் இதற்கு என்ன இடம்?

நெய்யிலும் பாமாயிலிலும் நிறைய இருக்கும் பால்மிட்டிக் அமிலத்தை எடுத்துக்கொள்வோம். 16 கார்பன்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. உடம்பு அதை மொத்தமாக எரிப்பதில்லை. ஒரு முனையிலிருந்து இரண்டிரண்டு கார்பனாக நறுக்கிக்கொண்டே போகிறது. 16 என்பது 14 ஆகும், 14 என்பது 12 ஆகும், அப்படியே 10, 8, 6, 4. கடைசி நாலை இரண்டாக நறுக்கினால் முடிந்தது. மொத்தம் ஏழு வெட்டு, எட்டுத் துண்டு. ஒவ்வொரு துண்டும் அசிட்டைல் கோஏ. இந்த முறைக்குத்தான் பீட்டா ஆக்சிஜனேற்றம் என்று பெயர்.

ஒவ்வொரு வெட்டுக்கும் நான்கு படிகள் உண்டு. ஹைட்ரஜனைக் கழற்றி இரட்டைப் பிணைப்பு உண்டாக்குவது, அதில் தண்ணீரைச் சேர்ப்பது, மறுபடி ஹைட்ரஜனைக் கழற்றுவது, கடைசியாக நறுக்குவது. எம்கேட் செய்வது முதல் படியை. அது நடக்காவிட்டால் மற்ற மூன்று படிகளுக்கும் வேலையே இல்லை.

முதல் படிக்கு ஒரே ஆள் இல்லை, சங்கிலியின் நீளத்தைப் பொறுத்து ஆள் மாறும். மிக நீளமான சங்கிலிகளை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் ஒட்டியிருக்கும் வேறொரு நொதி பார்த்துக்கொள்ளும். சங்கிலி 12 கார்பன் அளவுக்குக் குறைந்ததும் எம்கேட் பொறுப்பேற்று 6 வரை கொண்டுபோகும். 8 கார்பன் சங்கிலிதான் அதற்கு மிகவும் பொருந்தி வரும். நாலு கார்பன் மிஞ்சும்போது குட்டைச் சங்கிலிக்கான நொதி வாங்கிக்கொள்ளும். தொடர் ஓட்டத்தில் கோலைக் கை மாற்றுகிற மாதிரிதான். நடுவில் ஓடுபவர் வராவிட்டால் கோல் அங்கேயே நின்றுவிடும்.

கழற்றிய ஹைட்ரஜன் எங்கே போகிறது என்று நல்ல மாணவர்கள் கேட்பார்கள். நொதிக்குள் எஃப்ஏடி என்ற துணைப்பொருள் உட்கார்ந்திருக்கிறது. நொதியின் 376-ஆவது இடத்தில் உள்ள குளூட்டமேட் ஒரு கார்பனிலிருந்து புரோட்டானைப் பிடுங்க, பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான்களோடு எஃப்ஏடிக்குத் தாவுகிறது. அங்கிருந்து ஈடிஎஃப் என்ற இன்னொரு புரதம் எலக்ட்ரான்களை வாங்கிப் போய், கோஎன்சைம் கியூ வழியாக, செல்லுக்குச் சக்தி உண்டாக்கும் சுவாசச் சங்கிலியில் சேர்க்கிறது. கடைசியில் நாம் மூச்சில் இழுத்த ஆக்சிஜன்தான் அவற்றை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டிரண்டாக உடைகிறது என்பதை யார், எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. 1904-இல் ஜெர்மனியில் ஃபிரான்ஸ் நூப் என்பவர் செய்தது. அப்போது இந்த நொதிகளைப் பிரித்தெடுக்கத் தெரியாது, கதிரியக்கக் குறியீடும் கிடையாது. அவரிடம் இருந்தது நாய்களும் அவற்றின் சிறுநீரும்தான்.

கொழுப்பு அமிலத்தின் வால் முனையில் ஒரு பீனைல் வளையத்தை ஒட்டிவிட்டார். உடம்பு அந்த வளையத்தை உடைக்காது என்பதால் அது அடையாளக் கயிறு கட்டிய ஆடு மாதிரி, எங்கே போனாலும் தெரிந்துவிடும். இப்படி அடையாளம் வைத்த அமிலங்களை நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் என்ன வருகிறது என்று பார்த்தார். ஒற்றைப்படைக் கார்பன் சங்கிலி கொடுத்தால் பென்சாயிக் அமிலம் கிளைசினோடு சேர்ந்து ஹிப்யூரிக் அமிலமாக வந்தது. இரட்டைப்படைச் சங்கிலி கொடுத்தால் பீனைல் அசிட்டிக் அமிலம் கிளைசினோடு சேர்ந்து வந்தது. ஒவ்வொரு கார்பனாக உடைந்திருந்தால் இரண்டிலும் கடைசியில் ஒரே பொருள்தான் மிஞ்சியிருக்கும். ஒற்றைக்கு ஒன்று, இரட்டைக்கு இன்னொன்று என்று மாறி வந்ததால், உடைவது இரண்டிரண்டாகத்தான் என்று தெரிந்துவிட்டது.

அது நடக்கிற இடம் மைட்டோகாண்ட்ரியா என்று யூஜின் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் எலியின் கல்லீரலை வைத்துக் காட்ட 1940-களின் கடைசி ஆக வேண்டியிருந்தது.

பால்மிட்டிக் அமிலத்திலிருந்து கிடைப்பது 129 ஏடிபியா, 106 ஏடிபியா?

ஏடிபி என்பது செல் செலவழிக்கும் சக்தி நாணயம். என்ஏடிஎச், எஃப்ஏடிஎச்2 இரண்டும் கழற்றிய ஹைட்ரஜனைச் சுமக்கும் துணைப்பொருள்கள். 129, 106 இரண்டும் ஒரே கணக்குதான், விலைப்பட்டியல் மாறிவிட்டது. பழைய புத்தகங்கள் ஒரு என்ஏடிஎச்சுக்கு 3, ஒரு எஃப்ஏடிஎச்2-க்கு 2, ஒரு அசிட்டைல் கோஏவுக்கு 12 என்று போட்டு 131 காட்டும். கோஎன்சைம் ஏ கைப்பிடியை மாட்டத் தொடக்கத்தில் செலவான 2-ஐக் கழித்தால் 129. இப்போதைய அளவீடுகளின்படி அவை 2.5, 1.5, 10. ஆகவே 108, கழித்தது போக 106. தேர்வில் உங்கள் பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள்.

நொதியைக் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும்?

தூய்மைப்படுத்திய கரைசல் மஞ்சளாக இருக்கும். அந்த நிறம் உள்ளே இருக்கும் எஃப்ஏடியுடையது. எஃப்ஏடி உருவாவது ரைபோஃப்ளேவின் என்கிற வைட்டமின் பி2-இலிருந்து. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட அன்று சிறுநீர் பளிச்சென்ற மஞ்சளாகப் போவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த மஞ்சளும் இந்த மஞ்சளும் ஒரே குடும்பம். பால், முட்டை, கீரை ஆகியவற்றிலிருந்து இந்த வைட்டமின் நமக்குக் கிடைக்கிறது.

இந்த நொதிக்கு எப்போது வேலை அதிகம்?

சாப்பிட்டு நேரமான பிறகு. சோறு சாப்பிட்ட சில மணி நேரம் ரத்தத்தில் குளுக்கோஸ் தாராளமாக இருக்கும். இன்சுலினும் மேலோங்கியிருக்கும். அந்த நேரத்தில் உடம்பு கொழுப்பைச் சேமிக்குமே தவிர அதை எரிக்க அவசரப்படாது. பிறகு கல்லீரல் சேமித்த கிளைகோஜனை, அதாவது குளுக்கோஸ் சேமிப்பை, எடுத்துச் செலவழிக்கும். பெரியவர்களுக்கு அது சுமார் 100 கிராம்தான். ராத்திரி முழுக்கத் தூங்கி எழுவதற்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். கைக்குழந்தையின் கல்லீரல் சிறியது, மூளையோ உடம்பைப் பார்க்கப் பெரியது. அதன் சேமிப்பு இன்னும் வேகமாகத் தீரும்.

அதற்கப்புறம் கொழுப்புதான் கைகொடுக்க வேண்டும். இதயமும் தசையும் கொழுப்பை நேரடியாக எரிக்கும். மூளையால் அப்படிச் செய்ய முடியாது. எனவே கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன்களாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. பட்டினி நீளும்போது எம்கேட் மரபணுவின் வேலையைக் கூட்டிவிடும் ஏற்பாடும் செல்லுக்குள் இருக்கிறது. பிபார் ஆல்ஃபா என்ற புரதம் அதைச் செய்கிறது.

எம்கேட் இல்லாமல் பிறந்தால் என்ன ஆகும்?

நேரத்துக்குச் சாப்பிடும்வரை ஒன்றும் ஆகாது. அதனால்தான் இந்த நோய் இவ்வளவு ஏமாற்றுகிறது. குழந்தை பிறந்தபோது நல்ல எடை, நல்ல அழுகை, நல்ல சிரிப்பு. நாலைந்து மாதம் ராத்திரியும் பால் குடித்துக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் எதுவும் தெரியாது.

பிறகு ஒரு நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வரும். குழந்தை சாப்பிட மறுக்கும், வாந்தி எடுக்கும். "சரி, அசதியில் தூங்குகிறது, தூங்கட்டும்" என்று விடுவோம். கிளைகோஜன் தீரும். கொழுப்பு உடையத் தொடங்கி எட்டு, பத்துக் கார்பன் நீளத்தில் வந்து சிக்கிக்கொள்ளும். முழுதாக உடையாததால் கீட்டோன் போதுமான அளவு உருவாகாது. புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் கல்லீரலின் வேலையும் சுணங்கும். ஏனென்றால் அந்த வேலையைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு அசிட்டைல் கோஏதான் சாவி. ஆக, மூளைக்குக் குளுக்கோஸும் இல்லை, மாற்றாகக் கீட்டோனும் இல்லை. குழந்தை மந்தமாகும், வலிப்பு வரும், மயக்கத்துக்குப் போகும். கல்லீரல் வீங்கும், ரத்தத்தில் அம்மோனியா ஏறும்.

ரத்தச் சர்க்கரை அடியில் கிடக்கும்போதும் கீட்டோன் குறைவாக இருப்பதுதான் மருத்துவருக்கு முக்கியமான துப்பு. ஆரோக்கியமான குழந்தை பட்டினி கிடந்தால் சர்க்கரை குறையும்போது கீட்டோன் ஏறும். இங்கே இரண்டுமே இல்லை.

முதல் தாக்குதல் பெரும்பாலும் 3 மாதத்துக்கும் 2 வயதுக்கும் இடையில் வரும். முன்கூட்டியே தெரியாதபோது, அந்த முதல் தாக்குதலிலேயே ஏறக்குறைய நான்கு அல்லது ஐந்து குழந்தைகளில் ஒன்று இறந்துபோகும் என்பதுதான் பரிசோதனை வருவதற்கு முந்தைய அனுபவம். இந்த நோய் 1980-களின் தொடக்கத்தில்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன் இறந்த குழந்தைகள் சிலருக்கு, மூளையும் கல்லீரலும் திடீரென்று பாதிக்கப்படும் ரேய் நோய் என்றும் சிலருக்குத் தொட்டிலில் திடீர் மரணம் என்றும் எழுதிவிட்டார்கள். அந்தத் தாய்மார்கள் தங்கள் பராமரிப்பில்தான் ஏதோ தவறு என்று எத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள் என்பதை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

மரபணுவில் என்ன பிழை?

வடமேற்கு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் பரவலாக இருக்கும் பிழை 1990-இல் கண்டறியப்பட்டது. மரபணுவின் 985-ஆவது எழுத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி. அதனால் லைசின் வர வேண்டிய இடத்தில் குளூட்டமேட் வருகிறது. நேர்மின்னூட்டம் இருக்க வேண்டிய இடத்தில் எதிர்மின்னூட்டம். அந்த இடம் ஹைட்ரஜனைக் கழற்றும் பகுதியில் இல்லை. ஆனால் புரதம் சரியாக மடிந்து, நான்கும் ஒன்றுசேர்வது கெட்டுப்போகிறது. சேராத புரதங்களைச் செல்லே அழித்துவிடும்.

ஆசியர்களிடம் வேறு வேறு பிழைகள் காணப்படுகின்றன. எனவே அந்த ஒரு எழுத்தை மட்டும் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று தமிழ்க் குழந்தைக்குச் சொல்லிவிட முடியாது. மரபணு முழுவதையும் படித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தால் வாய்ப்பு கூடுமா?

கூடும். இது தாய், தந்தை இருவரிடமிருந்தும் இந்த மரபணுவின் பழுதான பிரதி வந்தால் மட்டுமே வரும் நோய். ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் அவர் சுமப்பவர், அவருக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது. இருவரும் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. "முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது" என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் புதிதாக நாலில் ஒன்று.

மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டும்போது இருவரும் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருக்க இடமுண்டு. தாய்மாமனையே கட்டினால் உறவு இன்னும் நெருக்கம், வாய்ப்பும் இன்னும் அதிகம். இப்படிக் கட்டியவர்களின் வீட்டில் காரணம் தெரியாமல் ஒரு குழந்தை காய்ச்சலோடு மயங்கி இறந்திருந்தால், அடுத்த குழந்தை பிறக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை, தகவல் மட்டும் வேண்டும்.

பரிசோதனை எப்படிச் செய்வார்கள்?

பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு குத்து. வரும் ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் அச்சிட்ட வட்டங்களுக்குள் சொட்டவிட வேண்டும். ஒரு பெரிய சொட்டு ஒரு வட்டத்தை முழுக்க நனைத்து, அட்டையின் பின்பக்கம்வரை ஊற வேண்டும். சின்னச் சின்னச் சொட்டாக மேலே மேலே வைத்தால் அளவு பிசகிவிடும். வெயிலிலோ ஹீட்டரிலோ காட்டாமல் படுக்கை வாட்டில் காயவைப்பார்கள். அடர்சிவப்பு மெதுவாகப் பழுப்பாக மாறும். ஆய்வகத்தில் அந்தப் பழுப்பு வட்டத்திலிருந்து சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொட்டு வெட்டியெடுத்து, கரைத்து, மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் செலுத்துவார்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் முடிவு வந்துவிடும்.

தேடுவது எட்டுக் கார்பன் அசைல் கார்னிடைனை. எம்கேட் இல்லாதபோது சிக்கிக்கொள்ளும் 8 கார்பன் சங்கிலி, கொழுப்பு அமிலங்களைச் சுமக்கும் கார்னிடைன் என்ற சிறு மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு, செல்லைவிட்டு ரத்தத்துக்கு வந்துவிடும். அறிக்கையில் 'சி8' என்று இருக்கும். அது ஏறியிருந்தால் சிறுநீர் சோதனையும் மரபணு சோதனையும் செய்து உறுதிப்படுத்துவார்கள். முதல் அறிக்கையே முடிவான தீர்ப்பு இல்லை. ஆனால் உறுதியாகும்வரை, நோய் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பால் கொடுக்கும் இடைவெளியைக் கவனிக்க வேண்டும்.

நம் ஊரில் இது எல்லாக் குழந்தைக்கும் செய்கிறார்களா?

இங்கிலாந்தில் பிறந்த ஐந்தாம் நாள் எல்லாக் குழந்தைக்கும் இலவசமாகச் செய்கிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவிலும் பட்டியலில் உண்டு. இந்தியாவில் எல்லாக் குழந்தைக்கும் செய்யும் தேசியத் திட்டம் இல்லை. பெரிய தனியார் மருத்துவமனைகள் கட்டணத்துக்குச் செய்கின்றன. கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள், கேட்காவிட்டால் பல இடங்களில் பேச்சே வராது.

வடஐரோப்பிய மக்களில் 10,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கிறது. ஜப்பானில் மிகவும் அபூர்வம். நம்மிடம் பரவலாகச் சோதிக்காத வரை 'நம் ஆட்களுக்கு வராது' என்று சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. வசதி இருந்தால், முதல் மூன்று நாளுக்குள் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

மருந்து உண்டா?

சாப்பாடுதான் மருந்து. நொதியைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை, ஆனால் நொதி தேவைப்படும் நிலைமைக்கே குழந்தையைப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். கைக்குழந்தைக்கு ராத்திரியும் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். பிறந்த முதல் இரண்டு மூன்று நாள், தாய்ப்பால் நன்றாக ஊறும் முன், தனிக் கவனம் வேண்டும். வளர வளர இடைவெளி கூடும். நல்ல உடல்நிலையில் இருக்கும்போது ஒரு வயது தாண்டிய குழந்தைகள் பொதுவாக 10 மணி நேரம் அளவுக்குத் தாங்குவார்கள். உங்கள் குழந்தைக்கு எத்தனை மணி என்று மருத்துவர் எழுதித் தருவார். தினசரிச் சாப்பாட்டில் பெரிய மாற்றம் வேண்டியதில்லை. இட்லி, சோறு, பருப்பு என்று வீட்டுச் சாப்பாடே போதும்.

காய்ச்சல், வாந்தி வந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கான பதிலை மட்டுமாவது மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். நோயுள்ள நாளில் மேலே சொன்ன மணிக்கணக்கு செல்லாது. மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவில் குளுக்கோஸ் பானத்தை, இரண்டு மணிக்கு ஒருமுறை மாதிரி, ராத்திரியும் பகலும் கொடுக்க வேண்டும். அதையும் வாந்தி எடுத்தால், அல்லது குழந்தை துவண்டுவிட்டால், வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். உடனே மருத்துவமனை, அங்கே நரம்பு வழியாக 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல்.

இரண்டு தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. ஒன்று, "குளுக்கோமீட்டரில் 90 இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்புவது. சர்க்கரை குறைவது கடைசியில் நடப்பது. அதற்கு முன்பே குழந்தை மந்தமாகியிருக்கும். எண்ணைப் பார்க்காமல் குழந்தையைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, ஓஆர்எஸ் கொடுத்தால் போதும் என்று நினைப்பது. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் அருமையான மருந்துதான். ஆனால் ஒரு லிட்டரில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. 10 சதவீதக் கரைசலில் 100 கிராம். நீரிழப்புக்கு ஓஆர்எஸ் போதும், இந்தக் குழந்தையின் சக்திக்குப் போதாது.

தேங்காய் எண்ணெய் சேர்க்கலாமா?

நம் சமையலைத் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்விதான் இது. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி, 12 கார்பன் உள்ள லாரிக் அமிலம். 8, 10 கார்பன் அமிலங்களும் கொஞ்சம் உண்டு. எல்லாமே எம்கேட் கையாள வேண்டியவை. அதிலும் 8, 10 கார்பன் அமிலங்கள், நீளமான அமிலங்களுக்குத் தேவைப்படும் கார்னிடைன் வாசலைத் தாண்ட வேண்டியதே இல்லை. நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடும்.

எம்சிடி எண்ணெய் என்று விற்பது 8, 10 கார்பன் கொழுப்பு மட்டுமே பிரித்தெடுத்தது. எம்கேட் குறைபாடு உள்ளவர்களுக்கு அது கூடவே கூடாது. குறைப்பிரசவக் குழந்தைகளுக்கும் எடை கூட்டவும் தரும் சில பால் மாவுகளில் எம்சிடி சேர்த்திருப்பார்கள், டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சட்னியில் போடும் தேங்காயும் எம்சிடி எண்ணெயும் ஒன்றல்ல. ஆனாலும் தேங்காய் எண்ணெயிலேயே சமைக்கும் வீடு என்றால் உணவியல் நிபுணரிடம் அளவைக் கேட்டுவிடுவது நல்லது.

விரதம், நோன்பு?

வேண்டாம். சஷ்டி, ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவானாலும் எம்கேட் குறைபாடு உள்ளவர் வயிற்றைக் காயப்போடக் கூடாது. வளர்ந்துவிட்டாலும் இதே விதிதான். உடல்நலம் இல்லாதவருக்கு எல்லா மதமும் விலக்குத் தருகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி வைத்தால், பிள்ளை வாலிப வயதில் சங்கடப்பட வேண்டியிருக்காது. குடியும் ஆபத்து. மது கல்லீரல் குளுக்கோஸ் தயாரிப்பதைத் தடுக்கும். குடித்துவிட்டுச் சாப்பிடாமல் தூங்குவது, இவர்களைப் பொறுத்தவரை உயிரைப் பணயம் வைப்பது.

முசாபர்பூர் லிச்சி மரணங்களுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு. பிறவிக் குறைபாடு எதுவும் இல்லாத குழந்தைகளுக்கும் இந்த நொதிகளை ஒரு பழத்தால் முடக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே கிடைத்த சான்று அது.

பீகாரின் முசாபர்பூரில் 1990-களிலிருந்து மே, ஜூன் மாதங்களில், லிச்சி பழுக்கும் நேரத்தில், குழந்தைகள் விடியற்காலையில் வலிப்போடு மயங்கி விழுவார்கள். ராத்திரி தூங்கப் போகும்போது நன்றாக இருந்த குழந்தைகள். ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும். பகலெல்லாம் தோப்பில் விழுந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வீட்டில் ராத்திரி சாப்பிடாமல் படுத்தவர்கள். மூளைக்காய்ச்சல் என்றும் வைரஸ் என்றும் பல வருடம் தேடினார்கள்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் டி. ஜேக்கப் ஜானும் முகுல் தாஸும் இது தொற்று அல்ல, லிச்சியில் உள்ள ஒரு பொருளால் வரும் சர்க்கரைக் குறைவாக இருக்கலாம் என்று எடுத்துச் சொன்னார்கள். 2014-இல் இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் சேர்ந்து பெரிய ஆய்வு நடத்தின. மே 26 முதல் ஜூலை 17 வரை இரண்டு மருத்துவமனைகளில் 390 பேர் சேர்க்கப்பட்டார்கள், 122 பேர் இறந்தார்கள். லிச்சி தின்றதும், முந்தைய ராத்திரி சாப்பிடாததும் நோயோடு சேர்ந்து வந்தன. சோதித்த 73 சிறுநீர் மாதிரிகளில் 48-இல் லிச்சி நஞ்சின் எச்சங்கள் இருந்தன.

அந்த நஞ்சு இரண்டு வகை. ஒன்று ஹைப்போகிளைசின் ஏ. உடம்புக்குள் போனதும் அது கொழுப்பு அமிலம் போல வேடம் போட்டுக் கோஎன்சைம் ஏயோடு சேர்ந்து எம்கேட் போன்ற நொதிகளுக்குள் நுழைகிறது. நொதியும் அதைக் கொழுப்பு என்று நம்பி வேலையைத் தொடங்கும். பாதியில் அது எஃப்ஏடியோடு நிரந்தரமாகப் பிணைந்துகொள்ளும், நொதி செத்தது. இன்னொன்று எம்சிபிஜி, அது பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் அடுத்த படியைத் தாக்குகிறது. முதிராத பழத்திலும் விதையிலும் நஞ்சு கூடுதல்.

ஜமைக்காவில் முதிராத அக்கிப் பழம் தின்றவர்களுக்கு வரும் வாந்தி நோயும் இதே ஹைப்போகிளைசினால்தான். அக்கி, லிச்சி, ரம்புட்டான், நம் ஊர்ப் பூந்திக்கொட்டை எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். ஒரே குடும்பம் என்பதால் எல்லாமே நஞ்சு என்று அர்த்தமில்லை. வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தை பழுத்த லிச்சி நாலு தின்றால் பயப்பட வேண்டியதில்லை. கிளைகோஜன் இருக்கும்வரை கொழுப்பின் தேவையே வராது. ராத்திரிச் சாப்பாடு போட்டு அனுப்புங்கள், வலிப்போடு வந்தால் உடனே குளுக்கோஸ் ஏற்றுங்கள் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். அதைப் பின்பற்றிய வருடங்களில் மரணங்கள் குறைந்தன. 2019-இல் மறுபடி நூற்றுக்கு மேல் குழந்தைகள் இறந்தார்கள். ஒரு தட்டுச் சோறு கிடைத்திருந்தால் அவர்களில் பலர் இன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு, இந்தப் பாடத்தை நடத்தும் ஒவ்வொரு முறையும் வருகிறது.

கார்னிடைன் மாத்திரை சாப்பிட்டால் கொழுப்பு வேகமாக எரியுமா?

உடற்பயிற்சிக் கூடங்களில் அப்படித்தான் விற்கிறார்கள். நல்ல ஆரோக்கியம் உள்ளவரின் உடம்பே தேவையான கார்னிடைனைத் தயாரித்துக்கொள்ளும். கொழுப்பு எரிவதைத் தீர்மானிப்பது தேவைதான். எம்கேட் குறைபாடு உள்ளவர்களுக்கு அதைத் தருவதா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

பெரியவனான பிறகு குணமாகிவிடுமா?

மரபணு மாறாது. ஆனால் உடம்பு பெரிதாகும், சேமிப்பு கூடும், பசித்தால் வாய்விட்டுக் கேட்கத் தெரியும். முன்கூட்டியே கண்டுபிடித்துக் கவனமாக வளர்த்த குழந்தைகள் மற்றவர்களைப் போலப் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மட்டும் மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். "ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் எதுவும் சாப்பிடாதீர்கள்" என்ற வழக்கமான பேச்சு இவர்களுக்குக் குளுக்கோஸ் டிரிப் இல்லாமல் பொருந்தாது.

வெளியூர் போகும்போது என்ன எடுத்துப்போக வேண்டும்?

மருத்துவர் கையெழுத்திட்ட அவசரக் கடிதம், முதலில் அது. நோயின் பெயர், குழந்தையின் எடை, எவ்வளவு டெக்ஸ்ட்ரோஸ் எந்த வேகத்தில் ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயைப் பார்த்தே இருக்க மாட்டார், அந்தத் தாள்தான் அவருக்கு வழிகாட்டி. குளுக்கோஸ் பொடி, அளவுக் கரண்டி, கொதித்து ஆறிய தண்ணீர். பயணம் தாமதமானால் சமாளிக்க பிஸ்கட்டோ வாழைப்பழமோ.

லண்டன் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. போன பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, அவன் அம்மாவின் கைப்பையில் அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் நான் எழுதிக் கொடுத்த இன்னொன்று.